முதலில் திரையை அளப்போம்

(பாலோவில் பெற்றோரும் இளைஞர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். எத்தனையோ கோளாறுகள் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. ஆனால் ஒரு தவறு மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் கிராஃபிக் கார்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அது எந்த மானிட்டரோடு சேர்ந்து வேலை செய்யப்போகிறது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். அந்தத் தவறைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அதில் போகிற பணம் நம் வீடுகளுக்குச் சின்னப் பணம் அல்ல.

இதைப் பாலோவில் பேசுவதற்கு ஒரு காரணமும் உண்டு. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909இல் முடிந்த ரயில் பாதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அதே பாதையில் தெற்கே போனால் குளுவாங், அதையும் தாண்டினால் கூலாய். அந்தக் கூலாயில் செயற்கை நுண்ணறிவுக்கான கணினி மையம் அமைக்கப்போவதாக 2023 டிசம்பரில் ஒய்டிஎல் நிறுவனமும், கிராஃபிக் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியாவும் அறிவித்தன. அந்த மையத்துக்கான சில்லுகளும், இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிகள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கார்டில் உள்ள சில்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இண்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் திறந்ததும் நம் பினாங்கில்தான். ஆக, இந்தச் சில்லு எங்கோ தூரத்தில் உள்ளவர்களின் பொருள் அல்ல. நம் நாட்டுக் கைகள் பட்டு வளர்ந்த தொழில் இது. அதைப் புரிந்துகொண்டு வாங்குகிற அறிவு நமக்கு வேண்டும்.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா, பதினாறு பதினேழு வயது மகனோடு என் கடைக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை. வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். மகன் கையில் புதுக் கார்டின் பெட்டி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். "அண்ணே, லீவுல வேலைக்குப் போயி ஆறு மாசமா சேத்த காசு. மாட்டிப் பாத்தா ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலங்கிறான். கொஞ்சம் பாருங்க" என்றார். பையன் எதுவும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

கார்டைப் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. "வீட்டுல என்ன மானிட்டர் தம்பி?" என்று கேட்டேன். கைபேசியில் படம் காட்டினான். ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட 19 அங்குலச் சதுர மானிட்டர். பின்பக்கம் ஒரே ஒரு துளை, நீல நிற விஜிஏ. கார்டில் இருந்ததோ எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசவே வழி இல்லை. விற்ற கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கினாரே தவிர, "உன் மானிட்டர் எது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பிள்ளையின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவன் செய்தது ஊதாரித்தனம் அல்ல. உழைத்துச் சேர்த்தான், ஆசைப்பட்டதை வாங்கினான். அளக்க மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். எதை அளப்பது, எப்படி அளப்பது என்பதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இதற்கு நான்கு பொருத்தம் போதும். புள்ளிப் பொருத்தம், வேகப் பொருத்தம், துளைப் பொருத்தம், மின்சாரப் பொருத்தம்.

முதலாவது, புள்ளிப் பொருத்தம்.

இங்கே பால்மரம் வெட்டிய பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு நிரையில் எத்தனை மரம், ஒரு காட்டில் எத்தனை நிரை என்று உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். தட்டையான மானிட்டரும் அப்படித்தான். அதற்குள் ஒளிப்புள்ளிகளை நிரை நிரையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் 19 அங்குல மானிட்டரில் குறுக்கே 1280 புள்ளி, நெடுக்கே 1024 புள்ளி. பெருக்கினால் 13 லட்சத்து 10 ஆயிரத்து 720. நட்ட மரத்தை இடம் மாற்ற முடியாது. அது போலவே இந்தப் புள்ளிகளும் ஆலையிலிருந்து வரும்போதே நிலைத்துவிட்டவை. இந்த அளவைத்தான் நேட்டிவ் ரெசொலூஷன் என்கிறார்கள். நான் அதைத் திரையின் பிறவி அளவு என்று சொல்வேன்.

பழைய பெட்டி மானிட்டர் அப்படி அல்ல. அதற்குள் ஒரு மின்னணுக் கற்றை கண்ணாடியின் உட்பக்கத்தைக் கோடு கோடாகத் தடவிப் படம் வரைந்தது. 800க்கு 600 கேட்டாலும் வரைந்தது, 1024க்கு 768 கேட்டாலும் வரைந்தது. இந்தப் பிறவி அளவுத் தொல்லை அதில் இல்லை. 2000களின் நடுப்பகுதியில் நம் வீடுகளுக்குத் தட்டை மானிட்டர் வந்தபோது இந்தச் சுதந்திரம் போய்விட்டது. போனதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

1280க்கு 1024 உள்ள திரைக்கு 1024க்கு 768 படத்தை அனுப்பினால் என்ன ஆகும்? 1280ஐ 1024ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றே கால் வரும். அதாவது படத்தின் ஒரு புள்ளி, திரையின் ஒன்றே கால் புள்ளியில் உட்கார வேண்டும். கால் மரம் என்று ஒன்று உண்டா? கிடையாது. ஆகவே திரை பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து சமாளிக்கிறது. அந்தக் கலப்பைத்தான் நம் கண் மங்கலாகப் பார்க்கிறது. நெடுக்கே வகுத்தால் இன்னும் மோசம், ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் வரும். படம் மங்குவது மட்டுமில்லை, சற்று நீண்டும் போகிறது. வட்டம் முட்டையாகிவிடும்.

இப்போது மேடையில் உள்ள இந்த இரண்டு மானிட்டர்களையும் பாருங்கள். ஒரே மாதிரியானவை, ஒரே வயது. இரண்டிலும் சின்ன எழுத்தில் இரண்டு சொற்கள் தெரிகின்றன: பனி, பணி. இடப்பக்கத் திரை பிறவி அளவில் இருக்கிறது. வலப்பக்கத் திரையை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறேன். தம்பி ஒருவர் மேலே வந்து இந்த உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்க்கட்டும். பார்த்தீர்களா? இடப்பக்கத்தில் இரண்டு சுழி ன தனி, மூன்று சுழி ண தனி. வலப்பக்கத்தில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, எது பனி, எது பணி என்று தடுமாற வைக்கிறது. கல என்பதற்கும் கல் என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியே மங்கினால் சொல்லே மாறிவிடுகிறது. ஆங்கில எழுத்துக்கு இந்த இழப்பு அவ்வளவு தெரியாது. சுழியும் புள்ளியும் உயிராக உள்ள நம் எழுத்துக்கு அது பெரிய இழப்பு.

இன்னும் கொஞ்சம் கண்ணாடியை நெருக்கிப் பிடித்தால், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள் தெரியும். அந்த மூன்றையும் தனித்தனியாக இயக்கி எழுத்தின் விளிம்பைக் கூர்மையாக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்தது. கிளியர்டைப் என்று அதற்குப் பெயர். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வீடுகளுக்கு வந்தது. திரை பிறவி அளவில் இருந்தால்தான் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும். அளவு மாறினால் அந்த நுட்பமே அழுக்காகத் தெரியும்.

தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டுவர உழைத்தவர்களை இந்த இடத்தில் நினைக்காமல் போக முடியாது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். இன்று ஆப்பிள் கணினிகளில் உள்ள தமிழ் எழுத்துருக்களில் அவருடைய கைவண்ணம் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தினார். 2001இல் அந்த மாநாட்டுத் தொடர் கோலாலம்பூருக்கும் வந்தது. ஒவ்வொரு சுழியையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய எழுத்து நம்முடையது. அதைத் தவறான அளவில் வைத்துக் கலங்கலாகப் படிப்பது அவர்கள் உழைப்புக்கு நாம் செய்கிற குறை.

பெரியவர்கள் சிலர் ஒன்று சொல்வீர்கள்: "எழுத்து சின்னதா இருக்கு, அதனாலதான் அளவக் குறைச்சோம்" என்று. அதற்கு வேறு வழி இருக்கிறது. ரெசொலூஷனைத் தொடாதீர்கள். ரெசொலூஷனை மாற்றும் அதே டிஸ்ப்ளே பகுதியில் ஸ்கேல் என்று ஒன்று இருக்கும். அதை 125 விழுக்காடு, 150 விழுக்காடு என்று ஏற்றுங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மையும் கெடாது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் செய்து பாருங்கள். ஒரு காசு செலவில்லை.

சரி, புள்ளிக்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் கார்டின் வேலை. புள்ளி கூடினால் வேலை கூடும். இப்போது கடைகளில் அதிகம் விற்கும் 1920க்கு 1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி. 2560க்கு 1440 திரையில் 36 லட்சத்து 86 ஆயிரத்து 400. 4கே என்கிறார்களே, அந்த 3840க்கு 2160 திரையில் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. ஆக, 1080 திரையிலிருந்து 4கே திரைக்குப் போகிற வீட்டில், அதே விளையாட்டுக்கு அதே கார்டு நான்கு மடங்கு புள்ளிகளுக்குக் கணக்குப் போட வேண்டும். கடைக்காரர் திரையை மட்டும் மாற்றிக் கொடுத்தால், நேற்று வழுக்கிக்கொண்டு ஓடிய விளையாட்டு இன்று நொண்டும். குறை திரையிலும் இல்லை, கார்டிலும் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது.

திரையின் அங்குலத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 24 அங்குலத்தில் 1920க்கு 1080 என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி சுமார் 0.277 மில்லிமீட்டர். அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் 0.311 மில்லிமீட்டர். மரம் அதேதான், காடுதான் அகலம். பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். 27 அங்குலம் வேண்டும் என்றால் 2560க்கு 1440 பாருங்கள். அதில் இடைவெளி 0.233. ஆனால் அந்தத் திரையில் புதிய விளையாட்டு விளையாட வேண்டும் என்றால் கார்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, வேகப் பொருத்தம்.

திரை ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். சாதாரண மானிட்டர் 60. அதாவது ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 6.9 மில்லி விநாடி. புள்ளி எண்ணிக்கையை இந்த வேகத்தால் பெருக்கினால்தான் கார்டின் உண்மையான சுமை தெரியும். அந்தப் பிள்ளையின் சதுர மானிட்டருக்கு விநாடிக்கு சுமார் 7 கோடியே 86 லட்சம் புள்ளி. 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸ் என்றால் 12 கோடியே 44 லட்சம். 2560க்கு 1440, 144 ஹெர்ட்ஸ் என்றால் 53 கோடிக்கு மேல். 4கே 60 ஹெர்ட்ஸைவிட இது அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். திரை பெரிது, கார்டு சிறிது என்றால் படம் திணறும். கார்டு பெரிது, திரை சிறிது என்றால் பணம் வீணாகும். பால்மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய மங்குக் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். மரம் எவ்வளவு பால் தந்தாலும் மங்கு பிடிக்கிற அளவுதான் வீட்டுக்கு வரும், மற்றது வழிந்து மண்ணில் போகும். விநாடிக்கு 200 படம் தரக்கூடிய கார்டை 60 ஹெர்ட்ஸ் திரையோடு கட்டினால், திரை 60 தடவைதான் புதுப்பிக்கும். போட்டி விளையாட்டில் கைக்கும் திரைக்கும் உள்ள தாமதம் சற்றுக் குறையும் என்பது உண்மை. அதற்கு மேல் கண்ணுக்குப் பெரிய லாபம் இல்லை. இன்னொன்றும் நடக்கும். புள்ளி குறைவான திரையில் கார்டின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், அடுத்த படத்துக்கான கணக்கைப் பிராசசர் முடித்துத் தரும்வரை கார்டு சும்மா நிற்கும். பழைய பிராசசர் உள்ள வீட்டில் பெரிய கார்டு வாங்கி, "ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கார்டின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாதபோது படம் குறுக்கே கிழிந்தது போலத் தெரியும். இதைத் தீர்க்க, கார்டு எப்போது படம் தருகிறதோ அப்போதே திரை புதுப்பிக்கிற முறையை என்விடியா 2013இல் ஜி-சிங்க் என்று அறிவித்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டி அதற்கு இணையாக ஃப்ரீசிங்க் கொண்டுவந்தது. 2019 ஜனவரியிலிருந்து தகுதியுள்ள ஃப்ரீசிங்க் மானிட்டர்களை என்விடியா கார்டும் ஏற்றுக்கொள்கிறது. நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. மானிட்டர் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60இலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் அமைப்பில் டிஸ்ப்ளே பகுதிக்குள் போய் நீங்களே 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக மாறியிருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, துளைப் பொருத்தம். அந்தப் பிள்ளையை அழவைத்தது இதுதான்.

விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அலை வடிவில் சிக்னல் போகும், அதாவது அனலாக். 1999இல் டிவிஐ வந்தது. எண் வடிவிலேயே சிக்னலை அனுப்பியது, தட்டை மானிட்டருக்கு அதுதான் சரியான மொழி. 2002இன் இறுதியில் எச்டிஎம்ஐ, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து டிஸ்ப்ளேபோர்ட். பல ஆண்டுகள் கார்டுகளின் டிவிஐ துளையிலேயே அனலாக் சிக்னலும் வந்துகொண்டிருந்தது. அதனால் ஐந்து வெள்ளிக்கு ஒரு சின்ன அடாப்டர் மாட்டி விஜிஏ மானிட்டரை ஓட்ட முடிந்தது. 2016இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையோடு அது நின்றுபோயிற்று. துளை டிவிஐ மாதிரியே இருக்கும், உள்ளே அனலாக் இருக்காது. இன்றைய கார்டையும் விஜிஏ மானிட்டரையும் சேர்க்க வேண்டும் என்றால், உள்ளே சில்லு வைத்த கன்வெர்ட்டர்தான் வேண்டும். வெறும் வயர் மாற்றுவதால் ஆகாது.

எச்டிஎம்ஐ என்ற பெயரைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4, 4கே படத்தை விநாடிக்கு 30 என்ற வேகத்தில்தான் கொண்டுபோகும். 60 வேண்டும் என்றால் 2013இல் வந்த 2.0 வேண்டும். கார்டு, வயர், மானிட்டர் மூன்றில் எது பழையதோ அதன் வேகம்தான் கிடைக்கும். வேகமான மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பழைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ துளை முழு வேகத்தைத் தராது.

துளையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. கார்டு மாட்டிய பிறகு மானிட்டர் வயரைக் கார்டில்தான் சொருக வேண்டும். மதர்போர்டில் இருக்கும் துளையில் சொருகிவிட்டு, புதுக் கார்டு வேலை செய்யவில்லை என்று வந்தவர்கள் பலர். வயரை இரண்டு விரற்கடை கீழே மாற்றிச் சொருகியதும் எல்லாம் சரியாகிவிடும்.

நான்காவது, மின்சாரப் பொருத்தம்.

மதர்போர்டில் கார்டு உட்காரும் துளை அதிகபட்சம் 75 வாட் தரும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டுகள் அந்த அளவுக்குள் அடங்கும். அவற்றில் பலவற்றுக்குத் தனி மின்வயர் வேண்டாம். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட். அதற்கு 550 வாட் பவர் சப்ளை இருக்கட்டும் என்று நிறுவனமே பரிந்துரைக்கிறது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்றால் அது ஒன்றே 450 வாட். நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் அலுவலகம் கழித்த ஒல்லியான கணினி. அதன் பவர் சப்ளை சிறியது, பெட்டியும் குறுகியது. பெட்டியைத் திறந்து, பவர் சப்ளையின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். கார்டு உட்காரும் இடத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சாயங்காலமானால் இடியும் மின்னலும் சொல்லாமல் வரும். அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். எந்தக் கார்டையும் காப்பாற்றுவதற்கு அதைவிட மலிவான வழி இல்லை.

பழைய கார்டு வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிது வாங்க எல்லோராலும் முடியாது, பழையது வாங்குவதில் வெட்கமும் இல்லை. ஈத்தீரியம் என்ற மின்னிலக்க நாணயத்தைக் கணினிக் கணக்குப் போட்டுத் தோண்டுவதற்காக 2020க்குப் பின் உலகம் முழுக்கக் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2022 செப்டம்பர் 15 அன்று அந்த நாணயத்தின் முறையே மாறியது, கார்டுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. இரவு பகலாக உழைத்த அந்தக் கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் மானிட்டரின் பிறவி அளவிலேயே வைத்து அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காற்றாடி சத்தத்தைக் கேளுங்கள், திரையில் பொறியோ கோடோ வருகிறதா என்று பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

இனி என் தீர்ப்பைச் சொல்கிறேன். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பெரும்பாலான வீடுகளில் முதலில் மாற வேண்டியது திரை. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று நாம் பார்த்தோம். கைபேசியின் உள்ளங்கைத் திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்கள். பாடம் படிக்க, தமிழ்ச் செய்தி படிக்க, கணக்கு எழுத, படம் பார்க்கத் தனிக் கார்டே தேவையில்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக் போதும். நல்ல 24 அங்குலத் திரை ஒன்று பத்து ஆண்டுகூட வரும். அதே காலத்தில் கார்டு இரண்டு தடவை பழசாகிவிடும். திரை முதலில் வந்தால், அடுத்து எந்தக் கார்டு வேண்டும் என்பதை அந்தத் திரையே சொல்லிவிடும். 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸ் என்றால் எளிய கார்டு போதும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இதுதான்.

கார்டு சற்றுக் குறைவாகவும் திரை பெரிதாகவும் அமைந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். விளையாட்டுக்குள் மட்டும் அளவைக் குறையுங்கள், விண்டோஸின் அளவைப் பிறவி அளவிலேயே விடுங்கள். 4கே திரை என்றால் விளையாட்டை 1920க்கு 1080இல் வையுங்கள். 3840ஐ 1920ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் இரண்டு வரும். படத்தின் ஒரு புள்ளி, திரையின் நான்கு புள்ளியில் சரியாக உட்கார முடியும். கார்டின் அமைப்பில் முழுஎண் ஸ்கேலிங் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், கலங்கல் வராது.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கு ஒரு கன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்தேன். படம் வந்தது. ஆனால் அந்தச் சதுரத் திரையில் அவன் கார்டு பாதி நேரம் சும்மாதான் நின்றது. அதையும் அவனுக்கு எண்ணிக்கையோடு காட்டினேன். புரிந்துகொண்டான். அடுத்த விடுமுறையில் மறுபடியும் வேலைக்குப் போய், 24 அங்குலத்தில் ஒரு மானிட்டர் வாங்கினான். இந்தத் தடவை கடைக்குப் போகும்முன் என்னிடம் வந்து, ஒரு துண்டுத் தாளைக் காட்டினான். அதில் புள்ளி எண்ணிக்கை, ஹெர்ட்ஸ், துளையின் பெயர், வாட் என்று நான்கு வரி எழுதியிருந்தான். மானிட்டர் மாட்டிய மறுநாள் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, இப்ப நானும் அதுல தமிழ்ப் பேப்பர் படிக்கிறேன், எழுத்து பளிச்சுனு தெரியுது" என்றார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கார்டு கேட்டால் உடனே திட்டாதீர்கள், உடனே பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். "முதல்ல அந்த நாலு வரிய எழுதிக்கிட்டு வா" என்று சொல்லுங்கள். எழுதிக்கொண்டு வருகிற பிள்ளை பெருக்கல் படித்திருக்கும், மின்சாரம் படித்திருக்கும், காசின் அருமையும் படித்திருக்கும். தம்பி தங்கைகளே, உங்களுக்கும் அதேதான். குளுவாங்கில் வாங்கினாலும், ஜொகூர் பாருவில் வாங்கினாலும், கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கே போய் வாங்கினாலும், அந்தத் துண்டுத் தாள் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். தாளைப் பார்த்துப் பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள்.

இன்று இரவே வீட்டு மானிட்டரைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்து அந்தத் தாளில் துளையின் பெயரை எழுதிவிடுங்கள்.